மண்ணறிந்து வாங்க வேண்டிய கருவி: 52 சிசி பெட்ரோல் குழி தோண்டும் இயந்திரம், ஒரு மதிப்புரை

தாமிரபரணிப் பாசனப் பகுதியிலும் அதற்குத் தெற்கே நாங்குநேரி, ராதாபுரம் வட்டாரங்களிலும் குழி வெட்ட ஆள் பிடிப்பது பெரும்பாடாகிவிட்ட இக்காலத்தில், பெட்ரோலில் ஓடும் குழி தோண்டும் இயந்திரம் தோட்டந்தோறும் தலைகாட்டத் தொடங்கியிருக்கிறது. இரு பக்கமும் கைப்பிடி, நடுவே சிறிய என்ஜின், அதன் அடியில் கியர் பாக்ஸ், அதிலிருந்து இறங்கும் திருகு வடிவப் பிட், இவ்வளவுதான் அதன் அமைப்பு. களக்காட்டுப் பக்கம் எங்கள் வாழைத் தோட்டத்திலும், திசையன்விளைக்கு அருகே என் மைத்துனரின் முருங்கைத் தோட்டத்திலும், மானூர்ப் பக்கத்துக் கரிசலில் வேலிக்கால் ஊன்றும் வேலையிலும் 52 சிசி இரண்டு ஸ்ட்ரோக் இயந்திரம் ஒன்றை ஓட்டிப் பார்த்த அனுபவத்தில் இம்மதிப்புரையை எழுதுகிறேன். கடைக்காரர் சொல்லும் குதிரைத்திறனை நம்பி இதை வாங்கக் கூடாது, நம் மண்ணைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்பதும், வாங்கிய பிறகு வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை பெட்ரோல் டேங்கில்தான் தொடங்குகின்றன என்பதும் என் உறுதியான கருத்து.

முதலில் விலையையும் திறனையும் பார்க்கலாம். நான் வாங்கிய சமயத்தில் பெயர் தெரியாத நிறுவனங்களின் 52 சிசி, 63 சிசி இயந்திரங்கள் ஏறத்தாழ 8,000 ரூபாயிலிருந்து 15,000 ரூபாய் வரை விற்றன. இவற்றில் பல, வெவ்வேறு வணிகப் பெயர் ஒட்டப்பட்டிருந்தாலும், சீனாவில் வார்க்கப்பட்ட ஒரே வகை என்ஜினைக் கொண்டவை. அதை அறிய ஒரு வழி உண்டு. என்ஜின் மீதுள்ள தகட்டிலோ வார்ப்பிலோ ‘1இ44எஃப்’ என்பது போன்ற குறியீடு இருக்கும். அதிலுள்ள 44 என்பது சிலிண்டரின் விட்டம் 44 மில்லிமீட்டர் என்பதைக் குறிக்கிறது. பிஸ்டன் நகரும் தூரம் 34 மில்லிமீட்டர் என்று கொண்டால் கொள்ளளவு 51.7 சிசி வரும், அதாவது 52 சிசி. வெளியே 63 அல்லது 68 சிசி என்று பளபளப்பான ஸ்டிக்கர் ஒட்டியிருந்து, உள்ளே 44 என்ற எண் இருந்தால், அந்த ஸ்டிக்கருக்காக ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை. அதேபோல 52 சிசி இரண்டு ஸ்ட்ரோக் என்ஜின் நேர்மையாகத் தரக்கூடியது ஏறத்தாழ 2 குதிரைத்திறன்தான். பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பது அதைவிடப் பெரிதாக இருந்தால், அது விற்பனைக்காகச் சொல்வது.

சிசி கூடினால் வேலை கூடும் என்பதும் முழு உண்மை இல்லை. ஜெர்மனியின் ஸ்டில் நிறுவனம் விற்கும் பி.டி. 131 என்ற குழி தோண்டும் இயந்திரம் 36.3 சிசி மட்டுமே கொண்டது. ஆயினும் 1.4 கிலோவாட், அதாவது ஏறத்தாழ 1.9 குதிரைத்திறன் தருகிறது. அதைவிட முக்கியமாக, பிட் எதிலாவது சிக்கி இயந்திரம் சுழல முற்பட்டால் ஓட்டுபவரின் தொடையில் பட்டு உடனே பிட்டை நிறுத்திவிடும் பிரேக் ஒன்று அதில் இருக்கிறது. விலை பல மடங்கு அதிகம் என்பதால் அதைச் சிறு விவசாயி சொந்தமாக வாங்குவது கடினம். ஆனால் நாள்தோறும் வாடகைக்கு ஓட்டுபவர்கள் அந்த ஒரு பிரேக்குக்காகவே அதை எண்ணிப் பார்க்க வேண்டும். நான் பயன்படுத்தும் மலிவு இயந்திரத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆக்சிலேட்டர் லீவரை விட்டால் கிளட்ச் விடுபடும் என்பது மட்டுமே அதிலுள்ள பாதுகாப்பு.

வாங்கும்போது என்ஜினைவிடக் கூர்ந்து பார்க்க வேண்டியது பிட்டைத்தான். 4, 6, 8, 10, 12 அங்குலம் எனப் பல விட்டங்களில் பிட் கிடைக்கிறது. 8 அங்குலத்துக்கும் 12 அங்குலத்துக்கும் நான்கு அங்குலம்தானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் ஒரே ஆழத்துக்கு 12 அங்குல பிட் வெளியே தள்ள வேண்டிய மண் 8 அங்குல பிட் தள்ளுவதைப் போல இரண்டேகால் மடங்கு. அந்தச் சுமை முழுவதும் அதே 2 குதிரைத்திறன் மீதுதான் விழுகிறது. ஆகவே 52 சிசி இயந்திரத்துடன் 12 அங்குல பிட்டை இலவசமாகத் தருகிறார்கள் என்பதற்காக மகிழ வேண்டாம். ஈரப்பதமான செவலில், அதாவது செம்மண்ணில், அது இறங்கும். இறுகிய மண்ணில் கிளட்ச் தேய்ந்து புகை வரும் அளவுக்குத் திணறும். 8 அங்குலமே இந்த என்ஜினுக்கு இயல்பாகப் பொருந்தும் அளவு என்பது என் தீர்ப்பு.

பிட்டைக் கையில் எடுத்து மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். நுனியில் உள்ள கூர்முனை தனியாகக் கழற்றி மாட்டக்கூடியதா, வெட்டும் பிளேடுகள் போல்ட்டில் மாட்டப்பட்டவையா அல்லது பற்றவைக்கப்பட்டவையா, திருகுத் தகடு நடுத்தண்டோடு சேரும் இடத்தில் பற்றவைப்பு தொடர்ச்சியாக இருக்கிறதா என்பவை அவை. பிளேடு கழற்றக்கூடியதாக இருந்தால் மட்டுமே அந்த பிட் சில ஆண்டுகள் உழைக்கும், ஏனெனில் நம் மண்ணில் முதலில் தேய்வது அதுதான். இணையத்தில் வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்திலும் கனடாவிலும் குளிர்காலத்தில் ஏரி உறைந்தபின் பனிக்கட்டியைத் துளைத்து மீன் பிடிப்பதற்கென்று இதே குடும்பத்தைச் சேர்ந்த பெட்ரோல் துளை இயந்திரங்கள் விற்கப்படுகின்றன. என்ஜின் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஆனால் அவற்றின் பிட்டில் இருப்பது பனியைச் சீவும் மெல்லிய கூர்பிளேடு, மணல் பட்ட உடனேயே அது மழுங்கிவிடும். படத்தை மட்டும் பார்த்து அந்த பிட்டை வரவழைப்பது வீண் செலவு.

அடுத்தது கியர் பாக்ஸ். என்ஜின் நிமிடத்துக்கு 7,000 சுற்று சுழலும்போது 30-க்கு 1 என்ற விகிதத்தில் குறைக்கும் கியர் பாக்ஸ், பிட்டை 230 சுற்று அளவில் சுழற்றும். 40-க்கு 1 என்றால் 175 சுற்று. வேகம் குறையக் குறைய முறுக்கு விசை கூடும் என்பதால், செவலும் சரளும் கலந்த நம் நிலத்துக்கு 40-க்கு 1 விகிதமே மேல். தளர்ந்த மணலில் மட்டுமே 30-க்கு 1 வேகமாக வேலை முடிக்கிறது. கடையில் இதைக் கேட்டால் பலருக்கும் பதில் தெரியாது. ஆனாலும் கேட்க வேண்டும், ஏனென்றால் கையேட்டில் அது அச்சிடப்பட்டிருக்கும்.

இனி மண்ணுக்கு வருகிறேன். திருநெல்வேலிச் சீமையில் பத்து மைல் போனால் மண் மாறிவிடும் என்பதால், ஒரு ஊரில் நன்றாக ஓடிய இயந்திரத்தை இன்னொரு ஊரில் குறை சொல்வதைக் கேட்கிறேன். இரு தரப்பும் உண்மையைத்தான் சொல்கின்றன.

களக்காடு மலையடிவாரத்துச் செவலில் இந்த இயந்திரம் நன்றாகவே உழைக்கிறது. ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையில் இறுக்கினால் உருண்டை பிடித்து, விரலால் தட்டினால் உதிர வேண்டும். அந்தப் பதத்தில் 8 அங்குல பிட் ஒன்றரை அடி ஆழத்துக்கு ஒரு நிமிடத்துக்குள் இறங்கிவிடும். மண் காய்ந்து கல்லாகிவிட்டால் முந்தைய மாலையில் குழி விழ வேண்டிய இடங்களில் மட்டும் தண்ணீர் விட்டு ஊறப்போடுவது நல்லது. பிட்டின் மேல் உடம்பைச் சாய்த்து அழுத்துவதால் அது வேகமாக இறங்காது. என்ஜின் மூச்சுத் திணறி அணைவதும், கிளட்ச் வழுக்குவதும்தான் மிஞ்சும். அரை அடிக்கு ஒருமுறை தூக்கி மண்ணை உதறிவிட்டு மீண்டும் இறக்குவதே சரியான முறை.

வாழைக்கு இதை வாங்க நினைப்பவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வாழைக்குப் பரிந்துரைக்கும் குழி, நீளம் அகலம் ஆழம் மூன்றிலும் 45 சென்டிமீட்டர். 12 அங்குல பிட் அதே ஆழத்துக்குப் போடும் வட்டக் குழியில் வெளியேறும் மண், அந்தச் சதுரக் குழியின் மண்ணில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதல். ஆக, பெரிய கட்டை ஊன்றி, அடியில் தொழுவுரமும் வேப்பம் பிண்ணாக்கும் போட்டு மூட வேண்டிய ஏத்தன் (நேந்திரன்) வாழைக்கு இந்த ஒற்றைக் குழி போதாது. இரண்டு குழிகளை ஒட்டினாற்போல் போட்டு நடுவிலுள்ள மண்ணை மண்வெட்டியால் வாரிவிடுவதே நாங்கள் கைக்கொள்ளும் வழி. ஆறடிக்கு ஆறடி இடைவெளியில் ஏக்கருக்கு ஏறத்தாழ 1,200 கன்றுகள் வரும்போது, அந்த மண்வெட்டி வேலையும் சேர்த்துத்தான் கூலியைக் கணக்கிட வேண்டும். அப்படிக் கணக்கிட்டாலும் இறுகிய மண்ணை முழுக்க ஆளால் வெட்டுவதைவிட இது மலிவாகவே முடிகிறது. திசு வளர்ப்புக் கன்றுகளின் வேர்க்கட்டி சிறியது என்பதால் அவற்றுக்கு வட்டக் குழியைச் சற்று அகலப்படுத்தினாலே போதும்.

தென்னைக்கு இந்த இயந்திரம் வேண்டாம். மூன்றடிக்கு மூன்றடி, ஆழம் மூன்றடி என்ற குழியை இதனால் வெட்ட முடியாது. இருபத்தைந்து அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 குழிகள்தான் என்பதால் பொக்லைனை ஒரு நாள் வரவழைப்பதே சிக்கனம்.

திசையன்விளைப் பக்கத்துத் தேரி மண்ணில், அதாவது செம்மணலில், நிலைமை வேறு. பிட் வெண்ணெயில் இறங்குவது போல் இறங்குகிறது. ஆனால் சுழற்றிக்கொண்டே மேலே தூக்கினால் மணல் முழுவதும் உள்ளே சரிந்து விழுந்து, குழி இருந்த இடத்தில் ஒரு பள்ளம் மட்டும் மிஞ்சும். வேண்டிய ஆழம் போனதும் ஆக்சிலேட்டரை விட்டு, பிட் நின்றபின், திருகுத் தகடுகளில் மணலைத் தாங்கியபடியே நேராக மேலே தூக்க வேண்டும். இதற்கு இருவர் வேண்டும், ஏனெனில் ஒன்பது பத்து கிலோ இயந்திரத்தோடு மணலின் எடையும் சேர்கிறது. மேல்மண் காய்ந்திருந்தாலும் அடியில் ஈரம் இருக்கும் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிந்தைய நாட்களில்தான் குழியின் சுவர் நிற்கிறது. ஆடிக்காற்று வீசும் காலத்தில் போட்ட குழி மறுநாள் காலைக்குள் தூர்ந்துவிடும். ஆகவே குழி போட்ட அன்றே முருங்கை நட்டுவிட வேண்டும். மணலின் இன்னொரு கேடு, அது பிளேடை அரம் போல் தேய்த்துவிடுவது. தேரியில் வேலை செய்பவர்கள் மாற்றுப் பிளேடு ஒரு ஜோடியைக் கையிருப்பில் வைத்திருப்பது கட்டாயம்.

கரிசலில்தான் எனக்கு இந்த இயந்திரத்தின் மேல் முழுத் திருப்தி இல்லை. காய்ந்தால் வெடித்து இறுகி, பிட் மேலே சுரண்டிக்கொண்டு நிற்கிறது. நனைந்தால் களி திருகுத் தகட்டை முழுவதும் மூடி, பிட் ஒரு உருளையாக மாறிச் சும்மா சுற்றுகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள பதம் சில நாட்களே நீடிக்கும். கரிசலுக்கு அடியில் சுண்ணாம்புத் தன்மையுள்ள சுக்கான் பாறை தட்டினால் அத்துடன் நிறுத்திக்கொள்ள வேண்டும். அங்கு கடப்பாரைக்குத்தான் வேலை.

களிமண் தன்மையுள்ள எந்த நிலத்திலும், கரிசலானாலும் ஆற்றோர வண்டலானாலும், கவனிக்க வேண்டிய வேறொன்று இருக்கிறது. இதைக் கடைக்காரர் எவரும் சொல்வதில்லை. ஈரக் களியில் சுழலும் பிட் குழியின் சுவரைத் தேய்த்து மெழுகிவிடுகிறது. குனிந்து பார்த்தால் சுவர் பானையின் உட்புறம்போல வழவழவென்று பளபளக்கும், விரல் நகத்தால் கீறினால் மெல்லிய தகடாகப் பெயரும். இளவேரால் அந்தச் சுவரைத் துளைக்க முடியாது. வேர் குழிக்குள்ளேயே வட்டமடிக்கும், ஊற்றிய தண்ணீர் பக்கவாட்டில் கசியாமல் தேங்கி வேரை அழுகச் செய்யும். மேலே செடி சில மாதம் நன்றாக இருந்துவிட்டுப் பிறகு காரணமில்லாமல் சோர்வதைப் பார்த்து நோய் என்று மருந்தடிப்பவர்கள் இருக்கிறார்கள். செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் சுருண்டிருக்கும். இதற்குத் தீர்வு எளிது. குழி போட்டதும் கடப்பாரையால் சுவரின் நான்கு பக்கமும் மேலிருந்து கீழாகக் கொத்திவிட வேண்டும். பட்டறையில் கொடுத்து பிட்டின் வெளிவிளிம்பில் இரண்டு மூன்று சிறு இரும்புப் பற்களைப் பற்றவைத்துக்கொள்வதும் உண்டு. அவை சுவரைக் கீறிக்கொண்டே இறங்கும். வேலிக்கால் ஊன்ற மட்டும் என்றால் இந்தக் கவலை இல்லை, மெழுகிய சுவர் காலை இறுகப் பிடித்துக்கொள்ளவே உதவும். மானூரில் நாங்கள் போட்டது வேலிக்குத்தான் என்பதால் கரிசலில் ஓரளவு பலன் கிடைத்தது.

இனிக் கோளாறுகள். இந்த இயந்திரத்தை வைத்திருப்பவர்களின் பொதுவான புகார், ‘போன வருஷம் நல்லா ஓடுச்சு, இப்ப ஸ்டார்ட்டே ஆகல’ என்பதுதான். குழி போடும் வேலை ஆண்டில் சில வாரங்களே இருக்கிறது. மீதி நாட்களில் இயந்திரம் டேங்கில் பாதி பெட்ரோலோடு பம்புசெட் அறையின் மூலையில் கிடக்கிறது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. 2023-இல் அறிமுகமான இக்கலவை இன்று நாடு முழுவதும் வந்துவிட்டது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். டேங்கின் அடியிலிருந்து உறிஞ்சும் குழாய்க்கு அதுதான் போகும். மீதமுள்ள பெட்ரோல் ஆவியாகி, கார்புரேட்டரின் நுண்துளைகளில், பெட்ரோலோடு கலந்து ஊற்றும் இரண்டு ஸ்ட்ரோக் என்ஜின் எண்ணெயான 2டி ஆயில் பிசினாகப் படிந்துவிடும்.

கோளாறு வந்தபின் ஊரில் உள்ள மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவர் கார்புரேட்டரைத் திறந்து உள்ளிருந்த டயாஃப்ரம் தாளை வெளியே எடுத்து, “அண்ணாச்சி, இதைப் பிடிச்சுப் பாருங்க” என்று என் கையில் வைத்தார். துணிபோல் நெகிழ்ந்து கிடக்க வேண்டிய மெல்லிய தாள், மடக்கினால் ஒடிந்துவிடும் அளவுக்கு விறைத்திருந்தது. இந்தத் தாள் அசைந்தால்தான் டேங்கிலிருந்து பெட்ரோல் உறிஞ்சப்படும். அது விறைத்துவிட்டால் எத்தனை முறை கயிறு இழுத்தாலும் என்ஜின் இருமிவிட்டு அணைந்துவிடும். டயாஃப்ரமும் கேஸ்கெட்டும் அடங்கிய செட் விலை அதிகமில்லை. ஆனால் இயந்திரத்தை விற்ற கடையில் அது இல்லை, வரவழைத்துத் தரவும் மறுத்துவிட்டார்கள். விற்றதோடு தங்கள் பொறுப்பு முடிந்தது என்று எண்ணும் கடையில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். பணம் கொடுக்கும் முன்பே டயாஃப்ரம் செட், ஸ்டார்ட்டர் கயிறு, கிளட்ச், பிளேடு ஆகிய நான்கும் கடையில் இருக்கிறதா என்று கேட்டு, கண்ணால் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

எண்ணெய்க் கலவையைப் பொறுத்தவரை, கையேட்டில் 25-க்கு 1 என்று இருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி 2டி ஆயில், 50-க்கு 1 என்று இருந்தால் 20 மில்லி. கண் மதிப்பில் ஊற்றாமல் அளவுக் குப்பியில் அளந்து, தனிக் கேனில் கலந்து, நன்றாகக் குலுக்கிய பின்பே டேங்கில் ஊற்ற வேண்டும். ஆயில் குறைந்தால் பிஸ்டன் சிலிண்டரைக் கீறிவிடும், பிறகு அந்த என்ஜினை மீட்பது இயலாது. ஆயில் கூடினால் பிளக்கில் கரி படிந்து, சைலன்சரில் உள்ள வலை அடைத்து, நாளடைவில் வலு குறையும். டின்னின் மேல் ஜாசோ எஃப்சி அல்லது எஃப்டி என்ற தரக் குறியீடு இருப்பது நல்லது, புகையும் கரியும் குறைவாக இருக்கும். ஒரு நாள் வேலைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் கலப்பதே போதும். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்துவிட்டு, என்ஜினை ஸ்டார்ட் செய்து தானாக அணையும்வரை ஓடவிட்டால் கார்புரேட்டரும் காலியாகிவிடும். இந்த ஒரு பழக்கத்தால் பாதிக்கு மேற்பட்ட கோளாறுகள் வராமலே போகும்.

இயந்திரம் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதலில் சுவிட்சைப் பாருங்கள். மேடு பள்ளத்தில் தூக்கிச் செல்லும்போது அது அணைந்த நிலைக்குப் போயிருக்கும். பிறகு பெட்ரோலை ஏற்றும் சிறு குமிழான பிரைமர் பல்பை அழுத்திப் பார்க்க வேண்டும். பெட்ரோல் ஏறி இறங்குவது திரும்பு குழாயில் தெரிந்தால் சரி, வெறும் காற்றுக் குமிழ்கள் மட்டும் வந்தால் பல்பிலோ குழாயிலோ வெடிப்பு இருக்கிறது. அடுத்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பாதி உண்மை விளங்கிவிடும். பிளக் பெட்ரோலில் நனைந்திருந்தால் சோக்கை மூடிவைத்தே அளவுக்கு மீறி இழுத்திருக்கிறோம் என்று பொருள். பிளக்கைத் துடைத்து, சோக்கைத் திறந்து, பிளக் இல்லாமலே சில முறை கயிறு இழுத்து உள்ளிருக்கும் பெட்ரோலை வெளியேற்றிவிட்டு மாட்டினால் ஓடும். பிளக் உலர்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை, அப்போது டேங்கினுள் கிடக்கும் சிறு ஃபில்டரையும் கார்புரேட்டரையும் பார்க்க வேண்டும். கரி மூடியிருந்தால் சுத்தம் செய்து, இடைவெளியை 0.6 முதல் 0.7 மில்லிமீட்டருக்கு வைக்க வேண்டும். தீப்பொறி வருகிறதா என்று சோதிப்பவர்கள் பெட்ரோல் கேனைத் தள்ளி வைத்துவிட்டு, சிந்திய பெட்ரோல் காய்ந்த பிறகே சோதிக்க வேண்டும்.

ஸ்டார்ட் ஆகி, சில நிமிடம் ஓடி, பிறகு வலு குறைந்து அணைந்தால் பெட்ரோல் மூடியைச் சற்றுத் தளர்த்திவிட்டு மீண்டும் ஓட்டிப் பாருங்கள். நன்றாக ஓடினால் மூடியில் உள்ள காற்றுத் துளை செம்மண் தூசியால் அடைத்திருக்கிறது. ஊசியால் குத்திவிட்டால் போதும், கார்புரேட்டரைக் கழற்ற வேண்டியதில்லை. தேரியிலும் செவலிலும் ஏர் ஃபில்டர் அரை நாளிலேயே சிவந்துவிடும், அதை மதியச் சாப்பாட்டு இடைவேளையில் தட்டிக் கழுவிக் காயவைப்பது வழக்கமாக வேண்டும். இவ்வளவு செய்தும் வலு வரவில்லை என்றால் சைலன்சரைக் கழற்றி, வலையில் கரி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

என்ஜின் அலறுகிறது, பிட் சுற்றவில்லை என்றால் கிளட்ச் தேய்ந்திருக்கும், அல்லது பிட்டை மாட்டும் ‘பின்’ என்ற ஆணி உடைந்திருக்கும். கல்லில் மோதும்போது கியரைக் காப்பதற்காக முறியும் அந்தப் பின்னுக்குப் பதிலாகக் கெட்டியான போல்ட்டைப் போடுவது, ஐம்பது ரூபாயை மிச்சப்படுத்திக் கியர் பாக்ஸை இழப்பதில் முடியும். ஆக்சிலேட்டர் கொடுக்காமலே பிட் சுற்றினால் ஐடில் வேகம் கூடியிருக்கிறது, அல்லது கிளட்ச் ஸ்பிரிங் ஒடிந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் ஒரு குழிகூடப் போடக் கூடாது. கியர் பாக்ஸில் கிரீஸ் வற்றாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். சாரமும் (லுங்கியும்) தோளில் துண்டுமாக இந்த இயந்திரத்தைப் பிடிப்பதை நான் பல தோட்டங்களில் பார்க்கிறேன், அது உயிரோடு விளையாடுவது. பேண்ட், மூடிய காலணி, காதடைப்பு மூன்றும் இல்லாமல் ஓட்ட அனுமதிக்கக் கூடாது. பனைவேரிலோ கல்லிலோ பிட் சிக்கினால் இயந்திரத்தின் உடல் எதிர்ப்பக்கம் சுழன்று மணிக்கட்டை முறுக்கிவிடும். கைகளை விறைப்பாக நீட்டாமல் உடம்போடு ஒட்டி வைத்து, கால்களை அகட்டி நிற்க வேண்டும். சிக்கிய பிட்டை ஆக்சிலேட்டர் கொடுத்து விடுவிக்க முயலாமல், என்ஜினை அணைத்து, பிளக் வயரைக் கழற்றிவிட்டு, பைப் ரெஞ்சால் தண்டை இடப்பக்கமாகத் திருப்பி எடுக்க வேண்டும். சொட்டுநீர்க் குழாயும் கிணற்றிலிருந்து வரும் பிவிசி குழாயும் எங்கே போகின்றன என்பதைக் குழி போடும் முன்பே சுண்ணாம்புக் கோடு போட்டுக் குறித்துக்கொள்வதும் நல்லது.

ஓர் ஏக்கருக்குக் குறைவாக, அதுவும் ஆண்டுக்கு ஒருமுறை நடுபவர்கள் இதைச் சொந்தமாக வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுப்பதே மேல். டிராக்டர் உள்ளே போகக்கூடிய திறந்த நிலமாக இருந்தால், பின்னால் பொருத்தும் குழி தோண்டும் கருவி இதைவிடப் பெரிய குழியை விரைவாகப் போடும். நன்செய் வாழைத் தோட்டத்திலும் ஏற்கனவே மரங்கள் நிற்கும் இடத்திலும்தான் கையால் தூக்கும் இயந்திரத்துக்கு ஈடில்லை. செவல் நிலத்தில் இரண்டு மூன்று ஏக்கர் வாழையோ முருங்கையோ வைத்திருக்கும் குடும்பம், அல்லது அண்ணன் தம்பி சேர்ந்து செலவைப் பங்கிட்டுக்கொள்ளும் குடும்பம், 8 அங்குல பிட்டோடு வாங்கலாம். வாடகைக்கு எடுப்பவர்கள், இயந்திரத்தை வண்டியில் ஏற்றும் முன்பு பிளேடின் முனையை விரலால் தடவிப் பார்த்து, போல்ட்டுகள் இறுகியிருக்கின்றனவா என்று சோதித்து, குளிர்ந்த என்ஜினைத் தங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்ல வேண்டும். டேங்கில் என்ன ஊற்றியிருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது என்பதால், அதைக் காலி செய்யச் சொல்லிவிட்டு, நாமே அளந்து கலந்த பெட்ரோலைக் கேனில் கொண்டுபோவது நல்லது.